மாமாவைக் கொன்ற கரித்தூசி

எங்கள் குடும்பத்தில் யாரும் நிலக்கரி வெட்டியதில்லை. ஆனால் நிலக்கரியால் செத்தவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அவர் அம்மாவின் ஒரே அண்ணன். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்துக்கு டாக்டராகப் போய், வடக்கே டர்ஹாம் பக்கம் ஒரு சுரங்கக் கிராமத்தில் வேலை பார்த்து, வெள்ளைக்காரப் பெண் ஒருவரைக் கட்டி, நாற்பதைத் தாண்டியதும் இறந்துபோனவர். “கரித்தூசி நெஞ்சை அடைச்சுப்போட்டுது” என்பது அம்மாவின் வசனம். பிராங்பேர்ட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு யாழ்ப்பாணமும் தெரியாது, சுரங்கமும் தெரியாது. இரண்டையும் பற்றி அம்மா சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு நான்கு வயதானபோது, இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்கிற வழக்கமான பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பந்து பிடித்தாள், ஒற்றைக் காலில் நின்றாள், யானையையும் குடையையும் சரியாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்தார். வைத்தவர் எடுக்கவேயில்லை.

அங்கிருந்து இதய மருத்துவமனை, எக்கோ ஸ்கேன், இரத்தப் பரிசோதனை. மகளின் இதயத்தில் இடப்பக்கத் தசை தடித்திருந்தது. மரபணுவிலும் ஒரு மாற்றம் இருந்தது. ஆனால் அந்த மாற்றம் ஆளைக் கொல்லக்கூடியதா, சும்மா கிடப்பதா என்று இதுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம். எனக்கும் அதே மாற்றம் இருந்தது. என் எக்கோவில் ஒன்றும் இல்லை. அதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது, சிலருக்கு வெளியில் காட்டாமலேயே அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள். கனடாவில் இருக்கும் மாமியார் செய்தி கேட்டதும் தொலைபேசியில் சொன்ன முதல் வார்த்தை: “எங்கடை பக்கத்திலை இப்பிடி ஒண்டும் இல்லை, பிள்ளை.” கணவர் பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவரிடமும் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் என்னதான் சொல்லியிருக்க முடியும் என்றும் படுகிறது.

மரபணு மருத்துவர் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா இறந்து நாளாயிற்று. அம்மா இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல். கடையில் பேசும் அளவு ஜெர்மன் உண்டு, டாக்டரிடம் பேசும் அளவு இல்லை. எட்டு வயதிலிருந்து அம்மாவுக்கு வாய் நான்தான். வெளிநாட்டவர் அலுவலகம், பல் டாக்டர், வீட்டுக்காரர் எல்லாம் என் வழியாகத்தான். என் வகுப்பாசிரியை என்னைப் பற்றிச் சொன்ன குறைகளைக்கூட, பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்கு நானே தமிழில் சொல்லியிருக்கிறேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அப்படிப்பட்ட பிள்ளையாக என்னை வளர்த்ததும் அம்மாதான்.

குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். நான் அம்மாவிடம் தமிழில் கேட்டேன்.

“ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு.”

“அம்மா, பெரியம்மாவின்ரை மகன்?”

“அது விளையாடேக்கை விழுந்தது. தலை அடிபட்டிருக்கும்.”

“இங்கிலாந்து மாமா?”

“அது கரித்தூசி. தூசியெண்டு சொல்லன்.”

சொன்னேன். டாக்டர் இரண்டு சாவையும் எழுதிக்கொண்டே, மாமா சுரங்கத்துக்குள் எத்தனை வருடம் வேலை செய்தார் என்று கேட்டார். இல்லை, அவர் டாக்டர், மேலேதான் இருந்தார் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மேலே இருக்கும் டாக்டரை நாற்பது வயதில் கரித்தூசி கொன்றதாகத் தான் கேள்விப்பட்டதில்லை என்றார், மரியாதையாகத்தான். என் முகம் எரிந்தது. இந்தக் கேள்வியை முப்பது வருடமாக நான் ஏன் கேட்கவில்லை?

அவர் பொறுமையாக விளக்கினார். மாமாவும் அந்தப் பையனும் இதயத்தால் இறந்திருந்தால் மகளின் மாற்றம் கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது மாத்திரை மட்டும் போதாது. இதயம் தடுமாறும்போது உள்ளிருந்தே அடித்து எழுப்பும் ஒரு கருவியை அவள் உடம்பில் வைக்க வேண்டியிருக்கும். அப்படி இல்லையென்றால், இவ்வளவு சிறிய உடம்பைத் தேவையில்லாமல் கிழிக்கக்கூடாது. பையனின் உடலைப் பரிசோதித்தார்களா என்று கேட்டார். இல்லை. பெரியம்மா டோர்ட்முண்டில் இருக்கிறார். அவருடைய மகன் பத்தொன்பது வயதில் உதைபந்தாட்ட மைதானத்தில் விழுந்து அங்கேயே போய்விட்டான். வெட்ட வேண்டாம், முழுப்பிள்ளையாக எரிக்கவேணும் என்று பெரியப்பா டாக்டர்களின் கையைப் பிடித்து அழுதார். ஆகவே மிச்சம் இருந்தது மாமா மட்டும்தான்.

வெளியே வந்ததும் அம்மாவையும் ஒரு எக்கோ எடுக்கச் சொன்னேன்.

“எனக்கு அறுபத்தெட்டு வயது. இனி என்னத்தைத் திறந்து பாக்கிறது?” என்றார். “நீ சும்மா நெட்டிலை வாசிச்சு வாசிச்சு விசராக்கிறாய்.”

மாமாவைத் தேடியதில் முதல் மாதம் வீணாகப் போனது. அம்மாவின் ஜெர்மன் பத்திரங்களில் குடும்பப் பெயராக இருப்பது தாத்தாவின் பெயர். அண்ணனுக்கும் அதுதானே என்று அந்தப் பெயரில் கிராமத்தின் மருத்துவ நிலையத்துக்கு எழுதினேன். அப்படி ஒரு டாக்டர் இங்கே இருந்ததில்லை என்று பதில் வந்தது. ஒரு கணம், மாமா என்று ஒருவரே இல்லையோ என்று பயந்துபோனேன். நம் ஆட்கள் தகப்பன் பெயரை முன்னால் போட்டுத் தங்கள் பெயரைப் பின்னால் எழுதுவார்கள். இங்கிலாந்துக்காரர்கள் பின்னால் இருந்ததைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் அவரைக் கூப்பிட்ட பெயரே அந்த ஊரில் பெயர்ப்பலகையில் தொங்கியிருக்கிறது. இது எனக்குப் புரிந்தது, என் மகளின் கீட்டாவில், அதாவது பாலர் பள்ளியில், ஒரு பத்திரத்தை நிரப்பும்போது.

சரியான பெயரோடு, அந்தக் கிராமத்தின் பழைய படங்களைப் பகிரும் முகநூல் குழு ஒன்றில் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் எழுதினார்கள். நான் பிறந்தபோது பிரசவம் பார்த்தவர் அவர், என்று ஒருவர். என் அப்பாவின் கையைத் தைத்தவர், என்று இன்னொருவர். கடைசியாக ஒருவர்: அவருடைய மனைவி இன்னும் இங்கேதான் இருக்கிறார், உன்னைப் பற்றிச் சொல்லட்டுமா?

அம்மாவிடம் பிள்ளைகள் இருவரையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். கணவருக்கு விமான நிலையத்தில் மாறி மாறி வேலை நேரம்.

“அங்கை இனி ஆர் இருக்கினம்? வீண் அலைச்சல்,” என்றார் அம்மா. ஆனால் வந்து நின்றார். மகனுக்குக் கஞ்சி கரைத்துக்கொண்டே, “அவளைச் சந்திச்சால் நான் சுகம் கேட்டதெண்டு சொல்லு,” என்றார். குரலில் ஏதோ இருந்தது. விமானத்தைத் தவறவிடுவேனோ என்ற பதற்றத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

நியூகாசிலில் இறங்கி பஸ் எடுத்தேன். சுரங்கம் மூடிப் பல வருடங்கள். அது இருந்த இடம் புல்வெளி. கிராமத்தின் நுழைவாயிலில் சுரங்கத்தின் பெரிய இரும்புச் சக்கரத்தைப் பாதியாக வெட்டி, சிமெந்தில் நட்டு, சுற்றிலும் பூச்செடி வைத்திருந்தார்கள். ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள் மேட்டில் வரிசையாக ஏறின. பாதிக் கடைகள் பூட்டு. மழை இல்லை, ஆனால் எல்லாம் நனைந்த மாதிரி இருந்தது.

முகநூலில் எழுதிய மனிதர் பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தார். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். நடக்கும்போது, மாமா வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் என்ற தடித்த வெங்காயத்தண்டை வளர்த்து ஊர்ப் போட்டிக்கு வைத்த கதையைச் சொன்னார். அந்தப் பக்கத்தில் யாருடைய லீக்ஸ் தடிப்பு என்பது பெரிய மானப் பிரச்சினையாம். “ஒவ்வொரு வருடமும் தோற்றார். டாக்டர், உங்கள் நோயாளிகள்கூட இதைவிடத் தடிப்பு என்று சொல்லுவோம். அடுத்த வருடமும் கொண்டுவருவார்.” அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த மனிதரை எங்கள் வீட்டில் ஒருபோதும் இப்படி யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு அவர் ஒரு சாவு மட்டும்தான்.

“கரித்தூசியால்தான் செத்தாரா?” என்று அவரிடமே கேட்டேன்.

அவர் நின்றுவிட்டார். “என் அப்பாவைக் கொன்றது கரித்தூசி,” என்றார். “டாக்டரையா? அவர் ஒருநாள்கூடக் கீழே போனதில்லையே.”

மாமி சிறிய வீட்டில் தனியாக இருந்தார். எண்பதை நெருங்கிய வயது, நேரான முதுகு, மருத்துவத் தாதியாக இருந்தவர். என்னைக் கண்டதும் கதவிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, “உன் மூக்கு அவருடையது, பெட்,” என்றார். அந்த ஊரில் பஸ் ஓட்டுநர்கூட எல்லோரையும் ‘பெட்’ என்றுதான் கூப்பிடுகிறார், செல்லமே என்பது போல. பிள்ளைகள் அவர்களுக்கு இல்லை. தேநீர் கொண்டுவந்தார். நான் எப்படிக் கேட்பது என்று விமானத்தில் பல விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

“பனியில் ஒரு நோயாளியைப் பார்க்க மேட்டில் ஏறினார். பாதி வழியில் விழுந்தார். நான் ஓடிப் போனபோது நாடி இல்லை. அறுத்துப் பார்த்தார்கள். இதயத் தசை ஒரு பக்கம் தடித்திருந்தது. இது குடும்பத்தில் ஓடுவது என்று அப்போதே சொன்னார்கள்.” பிறகு என்னைப் பார்த்தார். “உங்கள் எல்லோரையும் பார்த்தார்கள்தானே?”

நான் விளங்காமல் முழித்தேன்.

“நான் வந்து சொன்னேனே,” என்றார்.

மாமாவின் சாம்பலை எடுத்துக்கொண்டு மாமி யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தார். கீரிமலையில் கரைத்தார்கள். அது எனக்குத் தெரியும், வெள்ளைக்காரி வெறுங்காலோடு கடலில் இறங்கினாள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அன்று மாலை எல்லோரும் வீட்டுக் கூடத்தில் இருந்தபோது, அதற்காகவே வந்தவர் போல மாமி சொல்லியிருக்கிறார்: இது பரம்பரை, கூடப் பிறந்தவர்கள் இருவரும் இதயத்தைப் பார்க்கவேண்டும், பிறக்கும் பிள்ளைகளையும் பார்க்கவேண்டும்.

“அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் உன் அம்மா மட்டும்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். எல்லோரும் கத்தி அழுதார்கள். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நாள் இன்னொரு தடவையும் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.” தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார். “பிறகு உங்கள் நாட்டில் சண்டை தொடங்கிவிட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்றே தெரியாமல் போய்விட்டது. பார்த்திருப்பார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். பார்த்தார்களா?”

“இல்லை,” என்றேன். “பெரியம்மாவின் மகன் பத்தொன்பது வயதில் செத்துப்போனான்.”

மாமி அழவில்லை. எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றார். “நான் இரண்டு தடவை சொன்னேன்,” என்றார், எனக்கு அல்ல. அந்த வீட்டில் அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. அம்மா சுகம் கேட்டதை நான் சொல்லவில்லை.

பிராங்பேர்ட்டுக்குத் திரும்பியபோது அம்மா குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். மகள் மேசைக்குக் கீழே பொம்மையோடு இருந்தாள். அவளைக் கணவரிடம் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“மாமி சொன்னதை நீங்கள் தமிழிலை என்னெண்டு சொன்னனீங்கள்?”

அம்மாவின் கை மாவுக்குள் நின்றது. மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

“கரித்தூசியெண்டு சொன்னன்.”

“ஏன்?”

“அக்காவுக்கு நாள் குறிச்சிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கூடத்துக்குள்ளைதான் இருந்தவை. பரம்பரை வருத்தம், நெஞ்சிலை எண்டு நான் வாயாலை சொல்லியிருந்தால் அண்டைக்கே எழும்பிப் போயிருப்பினம். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள், பிள்ளை. ஆர் கட்டுவினம்? நான் சொல்லத்தான் வாயைத் திறந்தனான். அந்த மனிசர் என்னைப் பாத்துக்கொண்டு இருந்தவை. தூசியெண்டு வந்திட்டுது.”

“அடுத்த நாள்? பெரியம்மாவிட்டை தனிய?”

“சொல்லி? யாழ்ப்பாணத்திலை அப்ப அந்த மிசினே இல்லை.”

“ஜெர்மனியிலை இருந்ததுதானே அம்மா?”

“அக்கா இங்கை வரேக்கை அவவுக்கு ரெண்டு பிள்ளையள். அதுகள் ஓடி விளையாடுதுகள். ஒண்டும் இல்லையெண்டு நினைச்சன். சொன்னால் முதல்லை சொல்லாததையும் சொல்லவேணும்.”

மைதானத்தில் விழுந்த அந்தப் பிள்ளைக்கு அன்று மத்தியானம் பெரியம்மா கொத்துரொட்டி போட்டுக் கொடுத்தார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஓடினதால்தான் செத்தான் என்று இன்றுவரை நம்புகிறார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு கொத்துரொட்டி இல்லை. ஒவ்வொரு திவசத்துக்கும் அம்மா டோர்ட்முண்டுக்குப் போய்ச் சமைத்து, “உன்ரை பிழை இல்லை அக்கா” என்று தேற்றிவிட்டு வருவார். அது யாருடைய பிழை என்று தெரிந்துகொண்டே.

“நீங்கள் அவன்ரை செத்த வீட்டிலை இருந்தனீங்கள்,” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இருந்தது, அவமானம் இல்லை. “நான் அண்டைக்கு உள்ளதைச் சொல்லியிருந்தால் எனக்கும் கலியாணம் நடந்திராது. நீ இல்லை. உன்ரை பிள்ளையள் இல்லை. அதையும் யோசிச்சுப்போட்டுக் கதை.”

யோசித்தேன். பல நாள் யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மரபணு மருத்துவரிடம் சொன்னதும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மகளுக்குக் கருவி வைக்க வேண்டும் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இந்த நாட்டுச் சட்டப்படி டாக்டர் என் உறவினரைக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது, நான்தான் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்கு மகள் இருக்கிறாள். எனக்கு அக்கா முறை. அவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் உதைபந்தாட்டக் குழுவில் இருக்கிறான்.

அக்காவிடம் மட்டும் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பெரியம்மாவை ஏன் இந்த வயதில் குத்த வேண்டும்? ஆனால் தான் போட்ட சாப்பாடு மகனைக் கொன்றது என்று அந்த மனுசி நம்பிக்கொண்டிருக்கும்போது, அதை மறைக்க எனக்கு என்ன உரிமை? அம்மாவே சொல்லட்டும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு ரயிலேறினேன். அம்மா மறுப்புச் சொல்லவில்லை. நல்ல சேலை உடுத்தி, மேலே கோட் போட்டுக்கொண்டு வந்தார்.

பெரியம்மாவின் வீடு பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில். அங்கேயும் ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள். பெரியம்மா மீன்குழம்பும் சோறும் வைத்திருந்தார்.

“என்ன, ரெண்டு பேரும் பொம்பிளை பாக்க வந்த மாதிரி முகத்தை வைச்சிருக்கிறியள்?” என்று சிரித்தார்.

அம்மா பேசினார். மீனின் விலையைப் பேசினார். கோயில் நிர்வாகத்தில் நடக்கும் சண்டையைப் பேசினார். யாரோ ஒருவருடைய மகன் வெள்ளைக்காரியைக் கட்டப்போவதைப் பேசினார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு காத்திருந்தேன். ஒவ்வொரு இடைவெளியிலும் அம்மாவைப் பார்த்தேன். அவர் மறுபடி வேறொன்றைத் தொடங்கினார். பெரியம்மா தயிர் எடுக்க எழுந்தபோது, அம்மா தாழ்ந்த குரலில் என்னிடம், “எனக்கு ஏலாது. நீ சொல்லு,” என்றார்.

நான் சொன்னேன். மாமி யாழ்ப்பாணத்தில் என்ன சொன்னார், அது எப்படித் தமிழில் வந்தது, என் மகளுக்கு என்ன, அவருடைய மகனுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

பெரியம்மா தயிர்ப் பாத்திரத்தை மேசையில் வைத்தார்.

“அப்ப சாப்பாடு இல்லையோ?” என்று என்னிடம் கேட்டார்.

“இல்லை பெரியம்மா. சாப்பாட்டுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.”

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். “பதிமூண்டு திவசம் என்ரை குசினிக்குள்ளை நிண்டு சமைச்சாய்.”

“அக்கா…”

“அண்ணையின்ரை சாவையும் பொய்யாக்கினாய். என்ரை பிள்ளையின்ரை சாவையும் பொய்யாக்கினாய்.” சத்தம் உயரவில்லை. “கலியாணம் குழம்பியிருந்தால் குழம்பியிருக்கும். அவன் பிறந்திராட்டிலும் பரவாயில்லை. பிறந்து, பத்தொன்பது வருசம் வளத்து…” அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு என்னிடம், “பேரப்பிள்ளையளை எங்கை காட்டவேணும்? அந்த இடத்தின்ரை நம்பரைத் தா,” என்றார். கொடுத்தேன். என் முன்னாலேயே மகளைக் கூப்பிட்டு, மூத்தவனை இன்றிலிருந்து பந்து விளையாட விடவேண்டாம், காரணத்தை வந்து சொல்கிறேன் என்றார். எங்களை வழியனுப்ப எழும்பவில்லை.

இது நடந்து மூன்று வாரம். அக்காவின் இளைய மகனுக்கு ஒன்றும் இல்லை. மூத்தவனுக்குத் தசை தடிக்கத் தொடங்கியிருக்கிறது. நேரத்தோடு பிடித்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னாராம். அக்கா எனக்கு அதைச் செய்தியாக அனுப்பினாள். நன்றி என்று ஒரு சொல், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவளிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? பெரியம்மா அம்மாவோடு பேசுவதில்லை. உறவுக்குள் கதை பரவிவிட்டது. குடும்பத்தைப் பிரித்தவள் என்று என்னைத்தான் சொல்கிறார்களாம், அம்மாவை அல்ல. அவர் அன்று செய்ததைத் தாங்களும் செய்திருப்பார்கள் போல.

அன்று டோர்ட்முண்டிலிருந்து திரும்பும் ரயிலில் அம்மா எனக்கு எதிரே இருந்தார். ஹாகன் நிலையத்தைத் தாண்டியதும் கோட்டைக் கழற்றி மடியில் வைத்தார்.

“இப்ப உனக்குத் திருப்தியோ?” என்றார் பிறகு.

திருப்தி என்று ஒன்று எங்கேயும் இல்லை. மகளின் நெஞ்சில் எந்த இடத்தில் வெட்டுவார்கள் என்பதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு என்ன சொல்வது, எப்போது சொல்வது, பத்தொன்பது வயதில் ஒரு பையன் அவளைக் கேட்டு வந்தால் அவனிடம் யார் சொல்வது?

“பிள்ளையை எப்ப ஆஸ்பத்திரியிலை விடவேணும்?” என்று அம்மா கேட்டார்.

“வாற மாதம் முதல் கிழமை.”

“நீ அவளோடை அங்கை நிண்டால் சின்னவனை ஆர் பாக்கிறது? உன்ரை மனிசனுக்கு லீவு குடுப்பினமோ?”

லீவு கொடுக்க மாட்டார்கள். எனக்கு வேறு ஆளும் இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, “நான் வந்து நிக்கட்டோ?” என்றார்.

ரயில் ஒரு சுரங்கப்பாதைக்குள் போய் வெளியே வந்தது.

“வந்து நில்லுங்கோ,” என்றேன். “ஆனால் வர முதல் உங்கடை நெஞ்சைக் காட்டுங்கோ. டாக்டரிட்டை டெர்மினுக்கு நேரம் நான் எடுக்கிறன். டாக்டர் சொல்லுறதை நானே உங்களுக்குச் சொல்லுறன், ஒண்டும் மாத்தாமல்.”

அம்மா கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். பிராங்பேர்ட் வரும்வரை தேடிக்கொண்டே இருந்தார்.